டீச்சரின் ஸ்டாண்ட்

என் மனைவியின் மேசையில் கறுப்பு நிற ஸ்டாண்ட் ஒன்று நிற்கிறது. கீழே கனமான வட்டத் தட்டு, அதன்மேல் வளைத்த பக்கம் வளையும் கழுத்து, கழுத்தின் நுனியில் போனைக் கவ்விப் பிடிக்க இரண்டு விரல்கள். அதற்கு வியர்ப்பதில்லை, கை உளைவதில்லை, இருமல் வருவதில்லை. எங்கள் வீட்டில் தூசி தட்டுவது என் வேலை. அலுமாரி, கதிரை, சாமிப் படம் எல்லாவற்றையும் துடைப்பேன். அந்த ஸ்டாண்டை மட்டும் துடைப்பதில்லை.

அது வருவதற்கு முன் அந்த இடத்தில் நான் இருந்தேன்.

நான் துறைமுகத்தில் ஒரு லோஞ்சில் வேலை செய்கிறேன். உள் துறைமுகத்தின் இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரைக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் இயந்திரப் படகு அது. ஓட்டுவது வேறொருவர். இறங்குதுறையில் அணைந்ததும் கயிற்றை வளையத்தில் மாட்டி, கொக்கித் தடியால் இழுத்து, ஆட்கள் ஏறி இறங்கி முடியும்வரை லோஞ்சை ஆடாமல் பிடித்துக்கொள்வதுதான் எனக்குள்ள வேலை. தூரத்தில் பெரிய கப்பல் ஒன்று திரும்பினால் கொஞ்ச நேரம் கழித்து அலை வந்து சேரும். அப்போது இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அலையோடு கொஞ்சம் விட்டு, பிறகு எடுக்க வேண்டும். இதற்குப் பேச்சுத் தேவையில்லை. அதனால்தான் இந்த வேலையில் இத்தனை வருடம் நிலைத்தேன் என்று நினைக்கிறேன். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அந்த வருடம் சண்டையால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கினார்கள். பிறகு நாங்களே வேறொரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகத் தங்கினோம். நாங்கள் பாய் விரித்த வகுப்பறையின் கரும்பலகையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு ஒன்று அழிபடாமல் இருந்தது. எண்களுக்கு நடுவே எழுத்துகளும் இருந்தன. அது என்னவென்று கேட்க அங்கே வாத்தியார் யாரும் இருக்கவில்லை.

மனைவி கணித ஆசிரியை. கலியாணம் முடித்த காலத்தில் வீட்டிலே ரியூசன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியராக நெடுங்காலம் போய் வந்து, கடைசியில் நியமனம் கிடைத்தது. படித்தவளுக்கு ஏன் இவன் என்று அந்தக் காலத்தில் கதைத்தவர்கள் உண்டு. அவள் கதைத்ததில்லை. என் படிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதையும் நடந்ததில்லை. அது ஒரு மரியாதை என்று முதலில் நினைத்தேன். பிறகு அது ஒரு பூட்டுப் போலவும் தோன்றியது. பாடசாலை விழாக்களுக்கு அவளைக் கூட்டிப் போய் விடுவேன். மற்ற ஆசிரியைகளின் கணவன்மார் உள்ளே கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டியது. லோஞ்சும் நின்றது. மகள் வெளி மாவட்டத்தில் தாதியர் படிப்புக்குப் போய் அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். மனைவிக்குப் போனில் வகுப்பு எடுக்கச் சொல்லி வந்தது. கணக்கை வாயால் சொல்லிக் கொடுக்க ஏலாது, எழுதிக் காட்ட வேண்டும். எழுதும் கை தெரிய வேண்டுமென்றால் போன் மேலேயிருந்து பார்க்க வேண்டும். அவள் போனை அரிசிப் பேணியில் சாய்த்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் முக்காலியைக் கவிழ்த்து அதன் கால்களுக்கிடையில் கயிறு கட்டிப் போனைத் தொங்கவிட்டாள். அது வகுப்பின் நடுவில், அவள் எழுதிக்கொண்டிருந்த கொப்பியில் பொத்தென்று விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போதுதான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ."

அந்தக் 'கொஞ்சம்' வருடக் கணக்காக நீண்டது.

அவளுடைய இடப்பக்கம் கதிரையைப் போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, கொப்பிக்கு நேர் மேலே போனைப் பிடிப்பேன். முதல் நாள் "கை ஆடுது, கை ஆடுது" என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். மூச்சுத்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன். அவள் எழுதும்போது மூச்சைப் பிடித்து, அவள் விளக்கம் சொல்லும்போது விடப் பழகினேன். அவள் கை பக்கத்தின் அடிக்குப் போனால் போனும் அடிக்குப் போகும். லோஞ்சு பிடித்த கைக்கு அது பெரிய வேலை இல்லை.

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டியபடி, நாள் தவறாமல், ஒரு வகுப்பு நேரம் முழுக்க இருந்தது அப்போதுதான். அவளுடைய தலையில் வைத்த எண்ணெய் மணக்கும். பென்சில் சரசரக்கும். கொப்பியில் ஒரு கை, போனில் அதே கை. என் கண்ணுக்கு முன்னால் இரண்டு கைகள் எழுதிக்கொண்டிருக்கும்.

பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு விளங்காமல் இருக்குமா? பின்னங்கள் விளங்கின. பூச்சியத்துக்குக் கீழேயும் எண்கள் இருக்கின்றன என்று அங்கேதான் அறிந்தேன். கடல் மட்டத்தைப் பூச்சியமாக வைத்து, மேலே கப்பலின் கொடியையும் கீழே நங்கூரத்தையும் கீறிக் காட்டினாள். இத்தனை காலம் நான் பூச்சியத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறேன் என்று எனக்குள்ளே சிரிப்பு வந்தது. போன் ஆடிவிட்டது. அவள் முழங்கையால் என்னை இடித்தாள்.

நான் படிக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் உதவி கேட்டாள், நான் உதவி செய்கிறேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் தடிமன் பிடித்து, எவ்வளவு அடக்கியும் இருமல் வந்துவிட்டது. போனுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் குரல், "டீச்சர், ஆர் இருமுறது?" என்றது.

"அது ஸ்டாண்ட்" என்றாள் மனைவி, எழுதுவதை நிறுத்தாமல்.

"ஸ்டாண்டுக்குத் தடிமனோ டீச்சர்? மல்லி அவிச்சுக் குடுங்கோ."

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் ஸ்டாண்ட். என் முகத்தை ஒருவரும் கண்டதில்லை. வகுப்புத் தொடங்கும்போது "ஸ்டாண்ட் சுகமோ டீச்சர்?" என்று கேட்பார்கள். "சுகம், சுகம்" என்று அவள் பதில் சொல்லுவாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கேட்க மறந்த நாட்களில் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அந்தச் சின்னக் குரல் ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தது. அவளுடைய வீட்டில் கவரேஜ் இல்லை. வெளியே தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே வந்து இருந்துதான் படிப்பாள். பின்னால் கோழி கத்தும், உழவு இயந்திரம் போகும். மனைவி கேள்வியை எழுதி முடித்துப் பென்சிலைத் தூக்கும் முன்னே, "டீச்சர் நான் சொல்லட்டா?" என்பாள். எனக்கும் அந்த விடை தெரிந்திருக்கும். ஆனால் ஸ்டாண்ட் வாய் திறக்காது. விடை என் வாய்க்குள் கிடக்க, அவள் அதைச் சொல்லிவிடுவாள். "என்ர கெட்டிக்காரி" என்று சொல்லும்போது மனைவியின் முகம் எப்படி மலரும் என்பதைப் பக்கத்தில் இருந்த நான் மட்டும்தான் பார்த்தேன். போனில் தெரிந்தது கைதான். அந்த முகம் எனக்கு அருகில் இருந்தது, ஆனால் எனக்காக மலரவில்லை. அந்தப் பிள்ளையின் கவரேஜ் விழுந்த நாட்களில் நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிட்டேன். நரை விழுந்த மனிதன், சின்னப் பிள்ளையோடு போட்டி. சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, லோஞ்சும் ஓடத் தொடங்கியது. ஆனால் புல்மோட்டைப் பக்கம், ஈச்சிலம்பற்றுப் பக்கம் கணக்குக்கு ஆசிரியர் இல்லாத பிள்ளைகள் வகுப்பை நிறுத்த வேண்டாம் என்று கேட்டார்கள். மனைவி பின்னேரத்தில் தொடர்ந்து எடுத்தாள். ஒரு கூட்டம் மேல் வகுப்புக்குப் போனால், தம்பி தங்கையும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். வருடங்கள் இப்படிப் போயின. கடைசி ஓட்டம் முடிந்ததும் நான் சைக்கிளை மிதித்துப் பாலையூற்றிலுள்ள வீட்டுக்கு ஓடி வருவேன். டீசல் மணம் போகக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு கதிரையில் இருப்பேன். லோஞ்சில் நாள் முழுக்க நின்ற கால்கள் அப்போதுதான் ஆறும். ஆனால் நான் இளைப்பாற வருவதாக அவள் நினைக்கவில்லை. இன்னொரு வேலைக்கு வருவதாக நினைத்துக்கொண்டாள்.

அதுவரை சின்ன வகுப்புக் கணக்குத்தான் எடுத்து வந்தாள்; ஒரு வெள்ளிக்கிழமை, நெடுக வந்த பிள்ளைகளுக்காகப் புதிய பாடம் தொடங்கினாள். தராசு ஒன்று கீறினாள். ஒரு தட்டில் வாய் கட்டிய பைகள் சிலவும் கற்கள் சிலவும். மற்றத் தட்டில் ஒரு பையும் அதிகம் கற்களும். தராசு நேராக நிற்கிறது. எல்லாப் பையிலும் ஒரே அளவு கல் இருக்கிறது. பையை அவிழ்க்காமல் உள்ளே எத்தனை கல் என்று சொல்ல வேண்டும். ஈச்சிலம்பற்றுக்காரிகூட உடனே வாய் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

"யோசிச்சுக்கொண்டு வாங்கோ பிள்ளையள். திங்கட்கிழமை பையை அவிழ்ப்பம்" என்று வகுப்பை முடித்தாள்.

மறுநாள் ஒரு சேர் வீட்டுக்கு வந்தார்.

அவளுடைய பாடசாலைக்குப் புதிதாக வந்த கணினி ஆசிரியர். இளம் வயது, நல்ல மனிதர், மடிப்புக் குலையாத சேட்டு. மோட்டார் சைக்கிளில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். "டீச்சர் படுற பாட்டைக் கேள்விப்பட்டனான், என்னட்டச் சும்மா கிடந்தது" என்று பெட்டியைத் திறந்து ஸ்டாண்டை வெளியில் எடுத்தார். அதைப் பூட்டி, போனை மாட்டி, எந்தப் பொத்தானை அமத்தினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்குத் தெரியாத சொற்களில் இரண்டு பேரும் கதைத்துச் சிரித்தார்கள். நான் கோபத்தில் அவருடைய தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைத்துப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணன். எனக்குச் சீனி குறைவாத்தான் விருப்பம்" என்றார்.

போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனி அண்ணனுக்கு விடுதலை."

"ஓம், பாவம், லோஞ்சிலயும் பிடிச்சு வீட்டிலயும் பிடிச்சு" என்றாள் மனைவி. உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாள். எனக்கு விடுதலை வேண்டாம் என்று சொல்லவா? ஏன் என்று கேட்டால்? "ஓம், நல்லது" என்றேன்.

திங்கட்கிழமையும் பழக்கத்தில் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போனேன். என் கதிரை சுவரோரம் தள்ளப்பட்டு அதன்மேல் கொப்பிகள் இருந்தன. ஸ்டாண்ட் கழுத்தை நீட்டிக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கதவைச் சாத்திவிட்டுப் போங்கோ, சத்தம் கேட்கக் கூடாதாம்" என்றாள். சாத்திவிட்டுக் குசினிக்கு வந்தேன். தேங்காய் திருவலாம் என்று எடுத்தேன். திருவலைச் சத்தமும் உள்ளே கேட்கும் என்று வைத்துவிட்டேன். அன்று பையை அவிழ்த்திருப்பார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவளுடைய குரல் ஏறி இறங்கியது. சொற்கள் பிடிபடவில்லை. பிள்ளைகள் சேர்ந்து கத்திய சத்தம் ஒன்று மட்டும் கேட்டது. புல்மோட்டையில் இருக்கிறவர்களுக்கும் ஈச்சிலம்பற்றில் இருக்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயால் உப்பைக் கேட்டேன்.

லோஞ்சை ஓட்டுகிறவர் கிண்ணியாக்காரர். என்னைவிட மூத்தவர், வாய் ஓயாதவர். அவருடைய மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள். பெற்றோர் குழுவில் மனைவி போடும் வகுப்பு இணைப்பு அவருடைய போனுக்குத்தான் வரும். எதிர்க்கரைக்குப் போகும்போது, அதை எனக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். இதைக் கேட்க எனக்கு அந்த வாரம் முழுவதும் எடுத்தது.

"ஒனக்கு என்னத்துக்கு மச்சான்? டீச்சர் ஒன்ட வீட்டுலதானே இரிக்கா" என்றார்.

"சும்மாதான்."

"சும்மாவா? பொஞ்சாதிய வேவு பாக்கப் போறியா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்து, இணைப்பை அனுப்பினார். எதை அமத்த வேண்டும் என்றும் காட்டித் தந்தார்.

என் போன் மகள் பாவித்துவிட்டுத் தந்தது. கண்ணாடி வெடித்தது. அன்று பின்னேரம் கடைசி ஓட்டம் முடிந்து, லோஞ்சைக் கட்டிவிட்டு, இறங்குதுறைத் திண்டில் இருந்துகொண்டு இணைப்பை அமத்தினேன். அவளுடைய கை வந்தது. வளையல் போட்ட அதே கை, அதே மொட்டைப் பென்சில். நான் போனை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தேன். யாருக்கும் அது தேவையில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

கொப்பியில் பைகள் இல்லை. தராசும் இல்லை. எண்களுக்கு நடுவே எக்ஸ் என்ற இங்கிலீஷ் எழுத்து நின்றது. எனக்குப் பழைய கரும்பலகை ஞாபகம் வந்தது. அவள் ஒரு வரியை எழுதிப் பக்கத்தின் அடிக்குப் போனாள். கை படத்துக்கு வெளியே போய்விட்டது. "டீச்சர், கீழ தெரியேல்ல" என்று ஒரு பிள்ளை சொன்னது. ஸ்டாண்டுக்குக் குனியத் தெரியவில்லை. இருட்டத் தொடங்கியிருந்த கடலைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

அப்போதுதான் அவள் என்னைக் கண்டாள். "இதென்ன, பெயரில்லாம ஒரு ஆள்? ஆர் நீங்கள்? பெயரைப் போடுங்கோ" என்றாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே 'பயனர்' என்று இருந்ததாம். எங்கே பெயர் போடுவது என்று எனக்குத் தெரியாது. குரல் கொடுக்கலாம், அதற்கும் துணிவில்லை. யாரோ ஒருவன் இன்னொரு டீச்சரின் வகுப்புக்குள் புகுந்து பாட்டுப் போட்டுக் குழப்பியதிலிருந்து அவள் இதில் கண்டிப்பு. சற்றுப் பொறுத்தாள். பிறகு அவளுடைய கை போனை நோக்கிப் பெரிதாக எழும்பியது. படம் மறைந்தது.

வெடித்த கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. முதல் தடவை சண்டை என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுப்பியது. அதற்கு ஒருவர் மேலும் கோபிக்க ஏலாது. இந்தத் தடவை எழுப்பியது என் மனைவி. அத்தனை பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்னை மட்டும்.

வீட்டுக்குப் போனதும் புட்டையும் மீன் குழம்பையும் வைத்துக்கொண்டே சொன்னாள்: "இண்டைக்கு ஆரோ களவா வகுப்புக்குள்ள வந்திட்டினம். ஒரே அமத்தல், தூக்கிப் போட்டன். சேர் காட்டித் தந்தவர்."

"ஓ" என்றேன். சேர் காட்டித் தந்திருக்கிறார். மீனில் முள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் களவு ஆள் நான்தான் என்று சொல்ல அது நல்ல நேரம். சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். இரக்கத்துக்கு அதைவிடப் பயந்தேன். நான் அவளிடம் இரக்கம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எனக்கும் வேண்டும், அவ்வளவுதான். அவர்களிடம் அவள் கேள்வி கேட்கிறாள். பிழையாகச் சொன்னால் "இல்லை, திரும்பிப் பார்" என்கிறாள். என்னிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் என்னை வெட்கப்படுத்தாமல் காப்பாற்றுகிறாள். காப்பாற்றி, காப்பாற்றி, வாசலிலேயே நிற்க வைத்துவிட்டாள்.

மறுநாளும் அமத்தினேன். இனிப் போகக் கூடாது என்றுதான் காலையில் நினைத்திருந்தேன். கடைசி ஓட்டம் முடிந்ததும் கை தானாகப் போனை எடுத்தது. லோஞ்சின் இயந்திரம் அப்போதுதான் நின்றிருந்தது, புகை அடங்கவில்லை. அவளுடைய கை கொப்பியில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று எக்ஸ் கூட்டல் இரண்டு, சமன், எக்ஸ் கூட்டல் பத்து. எனக்குத் தலையும் விளங்கவில்லை வாலும் விளங்கவில்லை. புகை தொண்டைக்குள் போய் இருமல் வந்தது. போனின் வாயை மூட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"டீச்சர்" என்றது அந்தச் சின்னக் குரல். பின்னால் கோழி கத்தியது. "டீச்சர், ஸ்டாண்ட் இருமுது."

"ஸ்டாண்ட் இருமாது பிள்ளை. இது சேர் தந்த ஸ்டாண்ட்."

"அதில்ல டீச்சர், பழைய ஸ்டாண்ட். வகுப்புக்குள்ள நிக்குது. எனக்குத் தெரியும் அந்த இருமல்."

பிள்ளைகள் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். "ஓம் டீச்சர்", "ஸ்டாண்ட் மாமா" என்று பல குரல்கள். நான் போனை அணைக்கத் தடவினேன். ஈர விரலுக்குக் கண்ணாடி கேட்கவில்லை. கொப்பியில் அவளுடைய கை நின்றுவிட்டது. பென்சில் நுனி எக்ஸின் மேல் அப்படியே இருந்தது. அந்தக் கையை அவ்வளவு காலம் பார்த்தவன் நான். அது நிற்கும் விதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று கண்டுபிடிக்கலாம் என்று எண்ணியிருந்தேன். அன்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு அவள் கதைத்தாள். வீட்டுக் குரல் இல்லை, வகுப்புக் குரல்.

"பெயரில்லாம வந்திருக்கிறவருக்கு ஏதும் விளங்கேல்லையோ?"

லோஞ்சுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பேர் கேட்கிற இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதைத்தான் நான் இவ்வளவு நாளும் மற்றவர்களிடம் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன்.

"டீச்சர்" என்றேன். மனைவியை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பை எங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் பதில் சொல்லும் முன்னே ஈச்சிலம்பற்றுக்காரி முந்திக்கொண்டாள். "எக்ஸ்தான் மாமா பை. ஒவ்வொரு தடவையும் பை கீறினா டீச்சருக்குக் கை உளையும். அதுதான் எழுத்துப் போட்டவ."

அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. டீச்சர் சொல்ல வேண்டியதை இவள் ஏன் சொன்னாள்?

மனைவியின் கை மறுபடி அசைந்தது. எக்ஸைச் சுற்றி மெதுவாக ஒரு பை கீறினாள். மற்ற எக்ஸ்களைச் சுற்றியும் கீறினாள். ஒவ்வொன்றின் வாயையும் கட்டி, சின்ன முடிச்சும் போட்டாள். அடியில் தராசையும் கீறினாள். அது படத்துக்குள் அடங்கவில்லை. கொப்பியை மேலே நகர்த்திக் காட்டினாள்.

"இப்ப அவர் சொல்லட்டும், பைக்குள்ள எத்தனை?"

நான் கற்களை முதலில் கழித்தேன். இந்தப் பக்கத்துப் பைகளையும் அந்தப் பக்கத்துப் பையையும் சேர்த்து எண்ணினேன். பங்கிட்டேன். "ரெண்டு" என்றேன்.

"இல்லை" என்றாள். "திரும்பிப் பாருங்கோ."

அந்த 'இல்லை' எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "நாலு டீச்சர்! ரெண்டு பக்கத்திலயும் ஒவ்வொரு பையை எடுக்கவேணும், சேர்க்கக் கூடாது" என்று தண்ணீர்த் தாங்கிக்குக் கீழிருந்து விடை வந்துவிட்டது.

"என்ர கெட்டிக்காரி" என்றாள் என் மனைவி.

வீட்டுக்குப் போனபோது மேசையில் மல்லி அவித்து மூடி வைத்திருந்தது. குடித்தேன். அவள் எதிரில் இருந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. எவ்வளவு காலமாக விளங்கிக்கொண்டு வாறீங்கள் என்று கேட்டாள். பின்னத்திலிருந்து என்றேன். திருத்திய கொப்பியை மூடி வைத்தாள்.

"சொல்லியிருக்கலாமே."

"ஸ்டாண்ட் கதைக்குமே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டி என் போனை வாங்கி, எதையோ தட்டித் திருப்பித் தந்தாள். "நாளைக்கு வீட்டில இருந்து வாங்கோ. அங்க காத்தும் இஞ்சின் சத்தமும். போன்ர வாயை மூடி வைக்கவும் பழகுங்கோ, இதில இருக்கு." போனில் 'பயனர்' என்று இருந்த இடத்தைப் பார்த்தேன். 'ஸ்டாண்ட்' என்று போட்டிருந்தாள்.

அறைக்குள் பழைய கதிரையில் இருக்கலாம்தான். அவளே அதில் இருந்த கொப்பிகளை எடுத்துக் கீழே வைத்திருந்தாள். ஆனால் இரண்டு போன்கள் ஓர் அறைக்குள் இருந்தால் கீச்சிடும். அதனால் குசினியில் முக்காலியைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். கொப்பியும் எனக்கென்று ஒன்று உண்டு. அறைக்குள் அந்தக் கறுப்புச் சனியன் என் இடத்தில் நின்று அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய எண்ணெய் மணம் அதற்கு வீண். அந்த ஈச்சிலம்பற்றுப் பிள்ளை இன்னும் எனக்கு முன்னாலேயே விடை சொல்லுகிறாள். ஒரு தடவையாவது அவளை முந்த வேண்டும் என்று வீட்டுக் கணக்கை லோஞ்சில் வைத்துச் செய்து பார்க்கிறேன். லோஞ்சுக்காரர் தன் மகளுக்கும் அந்த விடையைக் கேட்கிறார். நான் சொல்லுவதில்லை.

ஆனால் குசினியில் இருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கதவை இப்போது அவள் முழுதாகச் சாத்துவதில்லை. அவள் ஒரு சொல்லைச் சொன்னால் அது கதவு வழியாக முதலில் எனக்கு வரும். அதே சொல் போனில் கொஞ்சம் பிந்தி வரும். புல்மோட்டைக்கும் கிண்ணியாவுக்கும் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழேயும் அந்தப் பிந்திய குரல்தான் போகிறது. நேற்று அவள் கேள்வியைச் சொல்லி முடித்தபோது, போன் இன்னும் அதன் பாதியில் நின்றது. நான் பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன்.